பெரியவனின் பிறப்புப் பத்திரம்

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் உன் கழுத்தையும் உன் தங்கச்சியின் கழுத்தையும் நான் தடவிப் பார்ப்பது இந்த வீட்டு வழக்கம். உன் தங்கச்சி கூச்சத்தில் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். நீ காலரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன சின்னப் பிள்ளையாப்பா?" என்று கேட்டாய். கதவை அடைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல் இல்லை. அது கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக் கோபம். உள்ளே கிடந்ததை நீ தெரியாமல் மிதித்துவிட்டாய், அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். நான் ஓஎல் சோதனை வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவன், நகரசபையில் தண்ணீர்க் குழாய் திருத்துகிறவன். என் எழுத்தும் அப்படித்தான் இருக்கும். உன் கூட்டாளிமாரும் வாசிக்கட்டும். என் வயதுக்கார அப்பன்மார் யாராவது வாசித்தால் அவர்களும் கொஞ்சம் வெட்கப்படட்டும். நாம் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறவர்கள்தான்.

எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது பதிமூன்று வயதில். ஆனால் அப்போது எனக்குப் பதினாறு என்று ஊர் முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். பெயர் கூப்பிடுகிற பள்ளிக்கூட இடாப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். கலஹா தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த சிரமத்தில் பள்ளிக்கூடத்தில் பிந்திப் போட்டோம் என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. வகுப்பில் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். வகுப்பிலேயே குள்ளமான தாத்தா.

விளையாட்டுப் போட்டி வந்தால் இன்னும் கேவலம். இடாப்பில் உள்ள வயதைப் பார்த்துத்தான் ஓட்டத்துக்குப் பிரிப்பார்கள். தாடி முளைக்கத் தொடங்கின பையன்களோடு என்னை நிறுத்துவார்கள். நான் கடைசியில் வருவேன். ஒரு வருஷம் முடிவுக் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். போட்டியை நடத்தின மாஸ்டர் எல்லோருக்கும் கேட்க, "பதினஞ்சு வயசுக் குதிரன்னு எழுதியிருக்கு, ஓடுறது கழுத" என்றார். மைதானமே சிரித்தது. நான் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: நான் ஒரு சோப்ளாங்கி. வயதுக்கு ஏற்ற பலம் இல்லாதவன். நோய் வந்தபோதும் அதே நினைப்புத்தான்.

மஹய்யாவையில் எங்களுக்கு வரிசை வீடு. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். சின்னப் பிள்ளைகளை அம்மாமார் அந்தக் குழாயடிச் சிமெந்துத் திட்டில் நிறுத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்து மடிப்பில், எங்கும் விரல் போய்வரும். என் அம்மாவின் கையில் எப்போதும் சிவப்புச் சவர்க்கார வாசம். நான் என்னை விட்டுவிடச் சொல்லிக் கத்தியது, இப்போது கணக்குப் பார்த்தால், ஏழெட்டு வயதில். இடாப்பின்படி பத்து. குழாயடியில் நின்ற பையன்கள் "தாத்தாவுக்குக் குளிப்பாட்டுறாங்க" என்று கத்தினார்கள். நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன். அம்மா சவர்க்காரத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து என் கழுத்தை வீட்டில் யாரும் தொடவில்லை.

பள்ளிக்கூடச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டும்போதுதான் முதலில் தட்டுப்பட்டது. இடது பக்கம், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். நோகவில்லை. அழுத்திப் பார்த்தால் அழிறப்பரை அழுத்துகிற மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் வேலையால் வந்து வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"கொரல் ஒடையிற வயசுல அப்பிடித்தாண்டா வரும். எனக்கும் வந்துச்சு."

அவ்வளவுதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. தெருக் கூட்டி, சாக்கடைக் கான் வெட்டி எங்களை வளர்த்தவர். ஆனால் எழும்பி வந்து இரண்டு விரலால் தொட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு என்ன செலவு?

பிறகு பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசச் சொன்னார். நானே பூசிக்கொண்டேன். கீழ்த் தெருவில் இருந்த நாட்டு வைத்தியர் ஒரு பச்சைப் பசையைப் பூசி இலை வைத்துக் கட்டினார். தோல் வெந்துபோனது. பசை வழிந்து காலர் கறையானது. அழுக்குச் சட்டை என்று வகுப்பு டீச்சர் என்னை வெளியே நிற்க வைத்தார். காலர் ஏன் பச்சையாக இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

மாதம் போகப் போகக் கால் இரண்டும் அரிக்கும். சொறிந்து சொறிந்து இரத்தம் வரும். காலையில் எழும்பினால் சட்டையைப் பிழியலாம் போல வியர்த்திருக்கும். உடம்பு மெலிந்தது. மேசையில் தலை வைத்தால் தூக்கம். இவை எல்லாவற்றுக்கும் பெரியவர்களிடம் ஒரே மருந்துதான் இருந்தது: வயசு. மெலிந்தால் உயருகிற வயசு. தூங்கினால் சோம்பல் வயசு. பேசாமல் இருந்தால் திமிர் பிடிக்கிற வயசு. ஐந்து மாதம் இப்படியே போனது.

இப்போது உன் அத்தையின் கதையைக் கேள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவளைக் குளிப்பாட்டும்போது அம்மாவின் விரலில், காதுக்குப் பின்னால், பாசிப்பயறு அளவில் ஒரு சின்ன உருண்டை தட்டியது. அன்றைக்கு அடுப்பு மூட்ட அம்மாவுக்கு மனமில்லை. அடுத்த நாள் விடியவே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். குடையும் பையும் தூக்க நான் கூடப் போனேன். என் கழுத்தில் அப்போது ஒரு கொய்யாப் பிஞ்சு இருந்தது.

பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. மெலிந்தவர், மூக்குக் கண்ணாடி. உன் அத்தையின் தலையைப் பிரித்துப் பார்த்து, பேன் கடித்துச் சொறிந்த புண், அதனால் நெறி கட்டியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வரிசையில் நின்ற புழுக்கத்தில் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லும். இஞ்ச வாரும்."

அவர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன. கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளும் பார்த்தார். இடது பக்கத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை. கடைசியாக ஒருவர் அந்த இடத்தை இப்படி நிதானமாகத் தொட்டு எத்தனை வருஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தினை நாளா இது இருக்குது?"

"அது வயசுக்கு வர்ற கட்டிங்க டொக்டரம்மா," என்றார் அம்மா.

"வயசுக்கெண்டு ஒரு கட்டியும் வாறேல்லை அம்மா."

அவர் சத்தம் போடவில்லை. ஆனால் அம்மாவின் முகம் அடி வாங்கினது போல ஆனது. பயறு அளவுக்கு ஒரு நாள். கொய்யாப் பிஞ்சுக்கு ஐந்து மாதம். அம்மாவுக்கு என்மேல் பாசம் குறைவென்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஒன்று கைக்குள் நின்ற பிள்ளை. மற்றது கையைத் தட்டிவிட்ட பிள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். சில நாள் கழித்து அம்மாவைக் கூப்பிட்டு அந்த டொக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார்: ஹொட்ஜ்கின் லிம்போமா. உடம்பில் நோயை எதிர்க்கிற வேலை செய்கிற நெறிகளில் வருகிற புற்றுநோய். அம்மா கடைசிச் சொல்லை மட்டும்தான் கேட்டார். குணமாக்கக்கூடிய நோய், பிள்ளைகளில் நல்லாக் குணமாகிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிள்ளைகள் வார்ட்டில் படுக்க வைக்கச் சொல்லித் துண்டும் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் பத்திரம் குறுக்கே வந்தது. வார்ட்டுக்குப் பெயர் பதிகிற கிளார்க் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். பார்த்தார். பதினாறு வயது ஆளை ஏன் பிள்ளைகள் வார்ட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சிங்களத்தில் எரிந்து விழுந்தார். துண்டை வெட்டித் திருத்தி என்னை ஆண்கள் வார்ட்டுக்கு அனுப்பினார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, மகனே. பார்த்திருந்தால் போதும். அவருக்கு முன்னால் நின்றது காற்சட்டை இடுப்பில் நிற்காத ஒரு சின்னப் பையன். அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆண்கள் வார்ட்டில் பீடி வாசமும் டெட்டோல் வாசமும் கலந்திருக்கும். எதிர்க் கட்டிலில் ஒரு கிழவர் எனாமல் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பார். அம்மா நிற்கக் கூடாது. பார்வையாளர் நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள், போய்விட வேண்டும். பிள்ளைகள் வார்ட் என்றால் அம்மா கட்டில் பக்கத்திலேயே இருக்கலாம். இங்கே என்னிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. பெரிய ஆளிடம் என்ன விளக்கம்?

பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் அண்ணன் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவேன். பிலிமத்தலாவையில் மாமாவின் பித்தளைக் கடையில் வேலை. உன் வயதுதான், பதினேழு. அவரால் படுக்க முடியாது. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே இருப்பார். நெஞ்சுக்குள்ளும் கட்டி வளர்ந்து மூச்சை அழுத்துகிறது என்று பிறகுதான் எனக்குத் தெரியும். சட்டைப் பையில் ஒரு சீப்பு, உள்ளங்கை அளவில் பித்தளை விளிம்பு போட்ட ஒரு வட்டக் கண்ணாடி. அரும்பு மீசையை அதில் பார்த்துப் பார்த்துச் சீவிக்கொள்வார். விரலில் புளி போட்டுத் துலக்கின பித்தளை வாசம் ஆஸ்பத்திரியிலும் போகவில்லை.

"தம்பிக்கு எத்தின வயசு?"

"பதினாறு."

"பதினாறா? அப்ப மீசய ஊட்டுல வெச்சிட்டா வந்தீக்கி?"

அந்த வார்ட்டில் நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

அவருக்கும் என் நோய்தான். ஒரு வருஷமாகக் கழுத்தில் கட்டி இருந்ததாம். முதலில் கண்டது முடி வெட்டுகிறவர். இது என்ன என்று அவர் கேட்டதற்கு, பொத்திக்கொண்டு வெட்டு என்றாராம் நானா. உம்மாவிடம் சட்டையைக் கழற்றிக் காட்ட வெட்கம். மாமாவிடம் சொன்னதற்கு, குத்துவிளக்கு தூக்கினதில் நரம்பு பிடித்திருக்கும் என்றாராம். காய்ச்சல் வந்தபோது, கல்யாண மாதத்து ஓடர்கள் முடியட்டும், பிறகு காட்டலாம் என்றாராம். காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்ததில் ஊர்ப் பையன்கள் ஸ்டைல் என்று நினைத்தார்களாம். நானா இதை எல்லாம் சிரித்துக்கொண்டு பகிடி மாதிரித்தான் சொன்னார். எனக்கும் பகிடியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த மாமாவை வழியில் கண்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

என் வயதைப் பற்றி முதலில் வாய் திறந்தவரும் அவர்தான். ஒரு நாள் அம்மாவும் அப்பாவும் பார்க்க வந்திருந்தபோது, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"மாமி, இவன் பதினாறு இல்ல. நான் பதினாறுல எப்பிடி ஈந்த எண்டு எனக்குத் தெரியுந்தானே. இது கோழிக்குஞ்சு. ஏன் இஞ்ச போட்டு வெச்சீக்கிறீங்க?"

அப்பா கோபித்துக்கொண்டு, பேசாமல் இருங்க தம்பி என்றார். அம்மா தலை நிமிரவில்லை. போகும்போது என் காலை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் டொக்டரம்மா என்னைத் தேடி வந்தார். தான் அனுப்பின பிள்ளை வரவில்லையே என்று வார்ட் வார்ட்டாக விசாரித்திருக்கிறார். பார்வையாளர் நேரம். அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். என் கட்டில் நுனியில் தொங்கின அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதன் சாரம் எனக்கு அப்போதே விளங்கியது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற முறை வேறு, அளவு வேறு. கவனிக்கிற ஆட்களும் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள். எந்தப் பக்கம் மருந்து தொடங்குவது என்று நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குச் சரியான வயது வேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பதினாறுதாங்க," என்றார் அப்பா. தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா, அந்த வார்ட் முழுக்கக் கேட்க, ஆனால் கத்தாமல் சொன்னார்.

"அது பெரியவனோட பத்திரம். அவன் ரெண்டு வயசுல கலஹாவுல செத்துட்டான். இவனுக்குப் பதிமூணு."

மகனே, வீட்டில் என்னைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கீழே தங்கச்சி இருக்க, மேலே யாரும் இல்லாதிருக்க, நான் எப்படிச் சின்னவன் ஆனேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்றும், நான் எழுதுகிற பெயர் அவனுடையது என்றும், நான் ஓடின ஓட்டம் எல்லாம் அவனுடைய வயதில் ஓடியது என்றும் தெரிந்துகொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பிறகு அப்பா துண்டு துண்டாகச் சொன்னார். கடல் தாண்டித் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்; எங்கள் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதி வாங்குவதற்கு அந்தக் காலத்தில் படாத பாடு பட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தில் பெரியவனின் பெயர் இருந்தது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. என் பிறப்பைப் பதியப் போன இடத்தில் அந்தக் கடிதம் கொண்டு வா, இந்தச் சாட்சி கொண்டு வா என்று அலைக்கழித்தார்கள். ஐந்து வருஷம் போனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பத்திரம் கேட்டார்கள். பெட்டிக்குள் செத்த பிள்ளையின் பத்திரம் சும்மா கிடந்தது. உயிரோடு இருந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அப்பா அதை எடுத்து நீட்டினார். எங்கள் ஆட்களில் நான் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. பொய்ப் பத்திரம் என்று பொலிசுக்குப் போனால் நகரசபை வேலை போய்விடும் என்ற பயத்தில் எட்டு வருஷம் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பூட்டித்தான் வைத்திருந்தார். அப்பாவை நான் மன்னித்துவிட்டேன். செத்த பிள்ளைக்கு இருந்த உரிமையை உயிரோடு இருந்த பிள்ளைக்குக் கொடுக்க மறுத்த அரசாங்க மேசைகளை மன்னிக்கவில்லை.

கிளார்க் விடவில்லை. வாயால் சொன்னால் வயது மாறாது, சத்தியக் கடிதம் கொண்டு வா என்றார். அதற்கு வாரக் கணக்காகும். டொக்டரம்மா அவரோடு வாதாடவில்லை. என் கையைப் பிடித்துத் தானே எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போய் இடது கையைப் படம் பிடிக்க வைத்தார். மணிக்கட்டு எலும்பு வளர்ந்திருக்கிற விதத்தைப் பார்த்து வயதை ஓரளவு சொல்லலாமாம். பதினாறு இல்லவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அட்டையோடு குத்திவிட்டார். அந்தப் படத்தைப் பிறகு எனக்கும் காட்டினார். என்னுடையது என்று சொல்ல என்னிடம் இருந்த முதல் பத்திரம் அதுதான். ஆஸ்பத்திரியிலேயே எங்கோ தொலைந்துவிட்டது.

வார்ட் மாறும்போது நானா அந்த வட்டக் கண்ணாடியை என் கையில் வைத்து அமுக்கினார்.

"மீச வரக்கொள்ள இதுல பாரு. எனக்கு வேற வாங்கிக்கலாம்."

நானாவும் எங்கள் வார்ட்டுக்கு வரலாமா என்று நான் டொக்டரம்மாவைக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். நானாதான் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்: "என்ட பத்திரம் சரியான பத்திரமாப் போச்சே தம்பி."

எனக்கு மருந்து தொடங்கியது. அம்மா கட்டிலடியில் பாய் விரித்து இருந்தார். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். இன்றைக்கும் கல்யாண வீட்டில் சிவப்புச் சர்பத் வந்தால் நான் எழும்பிப் போவது அதனால்தான். முடி கொட்டியது. வாய் புண்ணானது. மருந்துக்கு வரச் சொன்ன நாளில் வராவிட்டால் டொக்டரம்மா ஆள் விட்டுத் தேடுவார் என்று தாதிமார் சொல்வார்கள். ஒருமுறை மழையில் பாதை உடைந்து நாங்கள் பிந்திப் போனதற்கே அம்மாவுக்கு ஏச்சு விழுந்தது.

நானாவை யாரும் தேடவில்லை. அவர் வளர்ந்த ஆள், தானாக வருவார் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு தரம் மருந்து ஏற்றினதும் நெஞ்சுக் கட்டி சுருங்கி, படுத்துத் தூங்கினாராம். எனக்குச் சொல்லி அனுப்பினார். சுகமாகிவிட்டது என்று மாமா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த தவணை தவறியது. அதற்கடுத்ததும் தவறியது. திரும்பி வந்தபோது தலையணை நான்காகியிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். என் மொட்டைத் தலையைத் தடவி, மீசையைக் கேட்டால் தலைமுடியையும் கொடுத்துவிட்டாயா என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஒரு காலையில் அவருடைய உம்மா எங்கள் வார்ட்டுக்கு வந்தார். வெள்ளை முக்காடு. என் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. உம்மா அழவில்லை. கையை நீட்டி என் கழுத்தில், வெட்டின தழும்புக்கு மேல் வைத்தார். பிறகு மற்றப் பக்கம். பிறகு காதுக்குப் பின்னால். குளிப்பாட்டுகிற மாதிரி, ஒவ்வொரு மடிப்பாக.

"பத்து வயசுக்குப் பொறகு என்ட புள்ளட கழுத்த நான் தொடவே இல்ல மகன்," என்றார். "பெரிய புள்ளதானே எண்டு ஈந்துட்டேன்."

நான் பிழைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வந்தார்கள். சின்ன வயது என்றபடியால் தப்பினான், அந்தப் பையனுக்கு வயது கூடிவிட்டது, அதுதான் போய்விட்டான் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பல வருஷம் கழித்துக் கடைசித் தரம் என்னைச் சோதித்தபோது டொக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். இந்த நோயில் வளர்ந்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள் அளவுக்கு நல்லாத் தேறுவதில்லை என்பது பொதுவாக உண்மைதானாம். அதில் உடம்புக்கும் ஒரு பங்கு உண்டாம். "ஆனா பிந்தி வாறதுக்கும், மருந்து தவறுறதுக்கும், நடுவில நிக்கிற பிள்ளையை ஆர் பார்க்கிறதெண்டு தெரியாம விடுறதுக்கும் பங்கிருக்கு," என்றார். "அதுக்கு நாங்கள்தான் பொறுப்பு."

நானாவை வயது கொல்லவில்லை, மகனே. அவருக்கு வயது வந்துவிட்டது என்று கையை எடுத்துக்கொண்டவர்கள்தான். முடி வெட்டுகிறவர் கண்டதை வீட்டில் ஒருவர்கூடக் காணவில்லை.

என் மீசை அரும்பியதை அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தேன். அன்று உண்மையாகவே எனக்குப் பதினாறு. இடாப்பில் பத்தொன்பது. பிறகு வரிசை வீட்டை விட்டுக் குடிபெயர்ந்த அவசரத்தில் கண்ணாடி தொலைந்தது. பத்திரம் மட்டும் தொலையவில்லை. இன்றைக்கும் நான் பெரியவனின் பெயரில்தான் சம்பளம் வாங்குகிறேன். அவனுடைய வயதில், மூன்று வருஷம் முந்தியே எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு வயதுப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்?

கழுத்தில் நெறி கட்டினால் எல்லாம் இந்த நோய் என்று பயந்துவிடாதே. உன் அத்தைக்கு வந்தது மாதிரி, பெரும்பாலும் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். ஒன்றுமில்லை என்று ஒரு டொக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசற்படியில் சப்பாத்துக் கழற்றுகிறவர் சொல்லக் கூடாது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இல்லை, நீ சின்னப் பிள்ளை இல்லை. அதனால்தான் கேட்கிறேன். சின்னப் பிள்ளை என்றால் கேட்காமலே தொட்டிருப்பேன்.

இந்தத் தாள்களை உன் மேசையில் வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்து ஒன்றும் பேச வேண்டாம். மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார், போதும். இரண்டு நிமிஷம்தான். கையைச் சூடாக்கி வைத்திருக்கிறேன்.